கார்மேகத்தின் கடைசி பாட்டில்

இறந்துபோன நண்பனின் படத்துக்கு முன்னால் ஒருவன் செய்யக்கூடாத காரியங்கள் எத்தனையோ உண்டு. படத்தின் மீதே பீரைப் பீய்ச்சி அடிப்பது அவற்றில் முதலாவதாக இருக்கும். நான் அதைச் செய்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். கே.கே. நகரில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கும் நான், காளவாசலில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஜெயராஜ் அண்ணன், திருநகரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த கார்மேகம். மூவரும் வீட்டிலேயே பீர் காய்ச்சினோம். (சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். கேட்கிற புத்தி இருந்திருந்தால் ஆரம்பித்திருக்கவே மாட்டோம்.) கூரியரில் வரும் முளைகட்டிய பார்லியை என் மனைவியிடம் சத்துமாவுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் நம்பியதாக நான் நம்பினேன்.

மதுரை வெயிலில் பீர் உருப்படாது. கார்மேகம் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிரித்து மேய்ந்து, சூடு பதினெட்டு டிகிரியைத் தாண்டாதபடி செய்து, என் வீட்டு மாடி அறையில் வைத்தான். காய்ச்சியது தயாரானதும் ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றிக்கொள்வோம். உடனே நான் ஆரம்பித்துவிடுவேன். முதலில் வருவது கசப்பு, பின்னால் வருவது கருகல் வாசம், இவை இரண்டுக்கும் நடுவில் என்று இழுக்கும்போதே கார்மேகம் குறுக்கே விழுவான்.

"மாப்ள, நல்லாருக்குன்னு சொல்லு, இல்ல நல்லால்லன்னு சொல்லு. லேப் ரிப்போர்ட் வாசிக்காத."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு பேச்சைக்கூட அவன் என்னை முடிக்க விட்டதில்லை.

ஒருமுறை கறுப்பு பீர் காய்ச்சினோம். அது நாளாக நாளாகத்தான் ருசி கூடும். அதனால் கெட்டிக் கண்ணாடியில் ஒரு பெரிய பாட்டிலை மட்டும் தனியாக எடுத்து வைத்தோம். ஒரு வருடம் கழித்து மூன்று பேரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும், எவனும் தனியாகத் தொடக்கூடாது என்று கார்மேகம் சத்தியம் வாங்கினான்.

பத்தாவது மாதம் அவன் போய்விட்டான். திருமங்கலத்தில் ஒரு வீட்டில் ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்து மூன்று. டாக்டர் இதயம் என்றார். அவன் அப்பா பீர் என்றார். துக்க வீட்டில் அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, "ஒங்க சகவாசந்தான்யா எம்மகன முடிச்சிருச்சு" என்றார். அரை டம்ளர் கணக்கை அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

முப்பதாம் நாள் படையலுக்கு முன்பு அவன் மனைவி செல்வி போன் செய்தாள். "அண்ணே, அவருக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும். அந்த பாட்டிலக் கொண்டு வாங்க. மாமாட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு உரை தயார் செய்தேன். உங்கள் மகன் குடிகாரன் இல்லை, கைத்திறன் உள்ளவன், பொறுமையாக ஒன்றை உருவாக்கத் தெரிந்தவன் என்று அந்தப் பெரியவருக்குப் புரிய வைக்க வேண்டும். அவர் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, மகனைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கே.கே. நகரிலிருந்து திருநகர் வரை, சித்திரை வெயிலில், ஜெயராஜ் அண்ணன் பைக் ஓட்ட, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த உரையை மனப்பாடம் செய்தேன்.

படத்துக்கு முன்னால் இலை போட்டு, மீன் குழம்பும் முட்டையும் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அவன் அப்பா, படத்தின் பக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஐயா, உங்க மகன் பொறுமையின் வடிவம்..." என்றபடி மூடியை லேசாக நெம்பினேன்.

அவ்வளவுதான். மூடி கூரையில் மோதியது. நுரை கிளம்பி கார்மேகத்தின் படம், மாலை, மீன் குழம்பு, அவன் அப்பா என்று வரிசையாக நனைத்தது. விளக்கு அணைந்தது. கட்டைவிரலால் அடைக்கப் பார்த்தேன். (யாரும் முயல வேண்டாம், அது இன்னும் தூரம் போகும்.) பெரியவரின் மீசையிலிருந்து நுரை சொட்டியது.

செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னைக்கும் ஒங்களப் பேச விட மாட்டேங்குறாரே, அண்ணே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே உடைந்து அழுதாள். பெரியவர் துண்டை எடுத்தார். தன் முகத்தைத் துடைக்கவில்லை. மகனின் படத்தைத் துடைத்தார். "இருக்கையிலயும் இப்படித்தான், எவனையும் பேச விடமாட்டான்" என்று சொல்லி, அதுவரை அழாத மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பும்போது ஜெயராஜ் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அந்தக் கடைசி பாட்டிலுக்குச் சீனி போட்டது கார்மேகந்தானே? நான் பாத்தேனே."

மூடும் முன் கொஞ்சம் சீனி போட்டால்தான் பீரில் நுரை கட்டும். அந்த பாட்டிலுக்கு நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். போட்டுவிட்டு மூடி எடுக்க உள்ளே போனபோது கார்மேகம், "மாப்ள, போட்டாச்சா?" என்று கத்தினான். மூடியைக் கேட்கிறான் என்று நினைத்து, "இன்னும் இல்ல" என்றேன். சீனியும் போடுவதுதான், மூடியும் போடுவதுதான். நான் சொன்னதை நம்பி அவன் மறுபடி போட்டிருக்கிறான்.

பாட்டிலின் அடியில் இரண்டு மடக்கு மிச்சமிருந்தது. ஆளுக்கு ஒன்று குடித்தோம். நல்லாருந்தது.

இப்போதும் நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கையில் யாராவது சோடா பாட்டிலைக் கையில் எடுத்தால், பெரியவர் முதல் வேலையாக மகன் படத்தை ஒரு பக்கம் திருப்பி வைக்கிறார். "இரு, இவன் பேசி முடிக்கட்டும்" என்று என்னைக் காட்டிப் படத்திடம் சொல்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டு, நான் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது மட்டும் தாங்கவில்லை.