பதினோரு இலக்கப் பூட்டு

தன் கைப்பேசிக்குப் போட்ட பூட்டைக் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது என்று குன்னூர் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார் கிளார்க் அழகர்சாமி. கைரேகை சரிப்படாது. தூங்கும்போது மனைவி வேலாமணி விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடுவாள். அதனால் எண். சும்மா எண் இல்லை, பதினோரு இலக்கம்.

இவ்வளவு காவலும் ஒரே ஒரு செய்திக்காக. வியாழன் முதல் சனி வரை லீவு தந்தாயிற்று என்று மேனேஜர் அனுப்பியிருந்தார். அது வேலாமணி கண்ணில் பட்டால் தீர்ந்தது கதை. மேட்டுப்பாளையத்தில் அவள் தம்பி பாலு புதுவீடு புகுகிறான். "கொழுந்து சீசன், லீவே கிடையாது" என்று அவளிடம் கையை விரித்துவிட்டு, கூட்டாளிகளோடு பைக்காராவில் படகு சவாரிக்கு ஏற்பாடு செய்திருந்தார் மனிதர்.

அவருக்கு ரகசியத்தைக் காக்கத் தெரியும். பெருமையை அடக்கத்தான் தெரியாது.

"ஏனுங்க, பதினோரு இலக்கங்கறீங்களே, அப்படி என்ன பெரிய நம்பருங்க அது?" டீயையும் மொறுமொறு வர்க்கியையும் வைத்துவிட்டுக் கேட்டாள் வேலாமணி.

"சொன்னா உனக்கு வெளங்காது புள்ள. முன்னாடியிருந்து படிச்சாலும் பின்னாடியிருந்து படிச்சாலும் ஒண்ணேதான்."

"அட! ரெட்டைப்படைங்களா?"

"ஒத்தைப்படை. ஆனா ஏழுல வகுபடும், ஒம்பதுல வகுபடும். அதுக்கும் மேல, அது முழு வர்க்கம்!"

"வர்க்கி தட்டுல இருக்குதுங்களே."

அழகர்சாமி தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றும் தெரியாத பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தரும் கருணை அவருக்குள் பொங்கியது. அந்த ஒன்றும் தெரியாத பெண் பத்து வருஷமாக எஸ்டேட்டில் அறுபது பேருடைய கொழுந்து எடையை மனக்கணக்காகவே கூட்டுகிறவள் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வரவில்லை.

"வர்க்கம்னா ஒரு நம்பரை அதே நம்பரால பெருக்கறது. பதினொண்ணைப் பதினொண்ணால பெருக்கு, நூத்தி இருபத்தொண்ணு. என்னோடதும் வெறும் ஒண்ணா வரிசையா வெச்சுப் பெருக்குனதுதான். ஆனா எத்தனை ஒண்ணுன்னு மட்டும் சொல்லமாட்டேன்!"

"ஐயோ, சொல்லாதீங்க. எனக்குத் தலை சுத்துதுங்க."

அழகர்சாமி நிம்மதியாக இன்னொரு வர்க்கியை எடுத்துக் கடித்தார்.

வியாழன் காலை டூட்டிக்குப் போவதுபோல் கிளம்பும்போது கைப்பேசி அடித்தது. பாலு.

"மாமா, உங்க மெசேஜைப் பாத்தனுங்க. மூணு நாள் லீவு போட்டுட்டு வந்து சமையல் பந்தலை நானே பாத்துக்கறேன்னு எழுதியிருக்கீங்களே! எனக்கு அழுகையே வந்துருச்சுங்க."

அழகர்சாமிக்கும் வந்தது. பேச்சு முடிந்ததும், வர முடியாது என்று எழுதப் பதறிப்போய்ப் பூட்டைத் திறந்தார். திறக்கவில்லை. மறுபடி எண்ணை அழுத்தினார். ஊஹூம்.

துணிப்பையோடு வாசலில் நின்றாள் வேலாமணி.

"ஆறு ஒண்ணை வரிசையா வெச்சு அதாலயே பெருக்குனா பதினோரு இலக்கம் வருதுங்க. 12345654321. ராத்திரி நீங்க தூங்குனதும் போட்டுப் பாத்தனுங்க, அஞ்சு நிமிசங்கூட ஆகலை. இத்தனை லேசான நம்பர் எதுக்குன்னு மாத்திட்டனுங்க."

"எ... என்ன நம்பர்?"

"அதுவும் பதினோரு இலக்கந்தானுங்க. ஆனா அதையும் ஒண்ணையும் உட்டா வேற எதுலயும் வகுபடாது. கெளம்புங்க, பஸ்ஸு வந்துரும்."

மேட்டுப்பாளையத்துச் சமையல் பந்தலில் வெங்காயம் உரித்தபடி மூன்று நாளும் வகுத்துக்கொண்டிருந்தார் அழகர்சாமி.