தாளாளரைச் சுற்றி ஒரு செல்சுவர்

நம் கை நம் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறோமே, அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை கிடையாது. என் கை ஒருநாள் என்னைக் கேட்காமலேயே ஒரு பள்ளித் தாளாளரைப் பார்சல் கட்டிவிட்டது.

தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பலகைமேல் அடுக்கிய பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்து, பிளாஸ்டிக் படலத்தை இழுத்துச் சுற்ற வேண்டும். முடிந்ததும் இரண்டு தட்டு தட்டி "எடுத்துக்கோ" என்றால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அருள் வந்து தூக்கிக்கொண்டு போவார். அதிலிருந்து தப்பிக்கத்தான் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்தேன். பதினோராம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்குள் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க, பெண் டீச்சராகிவிட்டாள் என்று அம்மா சொல்லி முடித்திருந்தாள்.

பாடம் செல்சுவர். செல்லின் சவ்வில் சில நொதிகள் பதிந்திருக்கும். உள்ளே இருந்து சர்க்கரையை வாங்கிக் கோத்து, செல்லுலோஸ் நூலாக வெளியே தள்ளும். போன நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாது. அதனால் தள்ளுகிற நொதிதான் நகர்ந்தாக வேண்டும். நகர நகரச் சுவர் வளரும். (அட, இது நம்ம ஷிப்ட் வேலைதானே என்று பூரித்துப்போய், கிடங்கில் கேட்டு ஒரு சுருள் படலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சனி அங்கேயே பிடித்தது.)

பாடம் நடத்திக் காட்டும் நாளில், ஆட்களை நிறுத்தியே ஒரு செல் செய்து காட்டப்போகிறேன் என்றேன். "செல்லுல முக்கியமானது எதும்மா?" என்றார் தாளாளர். நியூக்ளியஸ் என்றேன். நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்துவிட்டார். தலைமை ஆசிரியையும் பி.டி. சாரும் அவரைச் சுற்றிக் கைகோத்துச் சவ்வானார்கள். நான் நொதி.

முதல் சுற்று பாடத்தோடு போனது. இரண்டாவதிலும் ஏதோ விளக்கிய ஞாபகம். அப்புறம் வாய் நின்றுவிட்டது, கை ஷிப்டுக்குப் போய்விட்டது. கீழே இறுக்கி, மூலையை மடக்கி, மேலே ஏற்றி... சவ்வு முனகியது. பெட்டி முனகி நான் கேட்டதில்லையாதலால் கவனிக்கவில்லை. முனையைச் செருகி, தலைமை ஆசிரியையின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "எடுத்துக்கோ" என்றேன்.

தாளாளரின் சட்டைப்பையில் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. பி.டி. சார் "லெஃப்ட், ரைட்" சொல்லி மூவரையும் நாற்காலியோடு கதவுப் பக்கம் நகர்த்தப் பார்த்தார். பயத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சார், தாவர செல்லு நகராது."

கேன்டீன் கத்தி வந்துதான் மீட்பு. வியர்த்து வழிந்த தாளாளர், நான் எங்கே வேலை செய்கிறேன் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அங்கயே இரும்மா. நல்லா செய்யற."

பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். "இன்னாடி, பெரிய மனுசனப் போயி மூட்ட கட்டிட்டு வந்துகீற?" என்ற அம்மா, ஒரு வாரம் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. மறுநாள் ஷிப்டில் அருளிடம் மட்டும் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம், சாப்பிட்டியா என்று கேட்டார். (அந்தக் கேள்வி எங்கே போய் முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை.)

இன்றும் எங்கள் வீட்டில் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றும்போது முதுகில் இரண்டு தட்டுத்தான். ஆரம்பித்து வைத்தது அம்மா. கல்யாணம் முடிந்து நான் காரில் ஏறப்போன நேரம். அதுவரை அழுதுகொண்டிருந்தவள், என் முதுகில் இரண்டு தட்டு தட்டி, அருளைப் பார்த்துச் சொன்னாள்: "எடுத்துக்கோங்க மாப்ள."