பீரங்கிக்காரர் காது

கன்னியப்பன் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, ‘ஆள் வரவில்லை’ என்று எழுதி மூடிவிட்டார்கள். கன்னியப்பன் ஒலிபெருக்கிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

செஞ்சிக் கோட்டை அடிவாரக் கல்யாண மண்டபத்தில் நடந்த முன்னாள் படைவீரர் முகாம் அது. எல்லையில் பீரங்கி சுட்டுச் சுட்டே இரண்டு காதையும் தொலைத்துவிட்டுத் தொண்டூர் திரும்பியவர் கன்னியப்பன். மணிலாக் கொட்டை மண்டியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பின்னால் வந்த லாரி ஆரன் அடித்தும் நகராமல் நின்றதால் அதுவும் போயிற்று. இனி ஊனப் பென்ஷன் வந்தால்தான் அடுப்பு எரியும்.

அடுத்த முகாமுக்கு மனைவி தைலம்மாளையும் அழைத்துப் போனார். பெயரைக் கூப்பிட்டதும் அவள் விலாவில் இடித்தாள். விறைப்பாக எழுந்து போனார்.

டாக்டர் வாயை மாஸ்க் மூடியிருந்தது. அவர் கேட்டதையெல்லாம் தைலம்மாள் பக்கத்தில் நின்று புருஷனுக்குச் சொன்னாள். கத்திப் பிரயோஜனமில்லை என்று அவரிடம் மட்டும் அவள் குரலை நிறுத்திப் பல வருஷமாகிறது. உதட்டை மட்டும் அசைப்பாள், அவர் பார்த்துப் புரிந்துகொள்வார். அவளைப் பொறுத்தவரை அதுதான் பேச்சு.

“ரெண்டு பக்கமும் கேக்காது சார்” என்றார் கன்னியப்பன், கேட்ட மாத்திரத்தில்.

டாக்டர் தைலம்மாளை ஒரு மாதிரி பார்த்தார். “இப்ப அவர்கிட்ட பேசினியாம்மா?”

“பேசினேன் சார்.”

“அவருக்குக் கேட்டுச்சா?”

“பதில் சொன்னாரே சார்.”

டாக்டர் தன் காதை ஒரு தரம் குடைந்துகொண்டு, ‘செவித்திறன் மிக நன்று’ என்று எழுதினார்.

வல்லத்திலிருந்த பட்டாளத்துக் கூட்டாளி விநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். “எவன் இன்னா கேட்டாலும் செவுடன் மாதிரி உக்காருடா.”

“நான் செவுடன்தானே?”

“அது உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமில்ல.”

கன்னியப்பன் வீட்டிலேயே பயிற்சி எடுத்தார். தைலம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாலும் சுவரைப் பார்த்தார். இரண்டு நாள் பொறுத்தவள், மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டு உதட்டையும் மூடிவிட்டாள். அந்த வீட்டில் இருந்த ஒரே பேச்சும் நின்றது. அவர் பயிற்சியை விட்ட பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. சோற்றுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்தது.

மறுபடி முகாம் வந்தபோது கன்னியப்பன் தனியாகவே பஸ் ஏறினார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் நாற்காலி காலி. மேசை துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் தனசேகரன், அவரை அடையாளம் கண்டு, முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகச் சொன்னான்:

“டாக்டர் இனிமே வரமாட்டாருண்ணே. அவரும் பட்டாளத்து ஆளுதானே, அன்னிக்கு உன் சம்சாரம் பேசினது உனக்குக் கேட்டுச்சாம், பக்கத்துல இருந்த அவருக்குக் கேக்கலையாம். காது போயிடுச்சின்னு அன்னிக்கே எழுதிப் போட்டாரு, ஊனப் பென்ஷன் சேங்ஷன் ஆயிடுச்சு.”