ஊறுகாய்ச் சீசாவில் சுவிஸ் கடிகாரம்

குத்தாலம்
20-2-1972

அன்பும் மரியாதையும் மிகுந்த காயாரோகணம் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் ஆனந்தவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அப்பா, அம்மா, நான், இம்மாதம் கிடேரிக் கன்று ஈன்ற பசு உட்பட யாவரும் சுகம். அவ்விடம் தாங்களும் அத்தையும் பினாங்கு வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுமென்று அம்மா வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தாள். எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கென்று தாங்கள் அனுப்பிய கடிகாரமும் சுகம், ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இப்போது இருக்கும் இடத்தைக் கேட்டால் தாங்கள் பதறுவீர்கள். அது எங்கள் களத்து மேட்டில், நார்த்தங்காய் ஊறுகாய் இருந்த சீசாவுக்குள், ஒரு மூங்கில் கழியில் தொங்குகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். அவள் சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன்.

தாங்கள் கொடுத்தனுப்பியபடி, ஜன்னத் பீவி அம்மாவின் மகன் கடிகாரத்தைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கினார். அவரும் அவருடைய அம்மாவும் நாகூரிலிருந்து அல்வாவோடு எங்கள் வீடு தேடி வந்து கழற்றிக் கொடுத்தார்கள். கூடவே தங்கள் கடிதமும் வந்தது. மாமா, நகைக்கடையில் இத்தனை வருடம் இருந்ததாலோ என்னவோ, ஒரு கடிகாரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தாங்கள் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதில் வைத்துக் கேள், அவசரமில்லாத சத்தமாக இருக்க வேண்டும் என்றீர்கள். உறை மின்னுகிறதா என்று பார்க்காதே, ஓரங்கள் விரலுக்கு இதமாக இருக்கின்றனவா என்று தடவிப் பார் என்றீர்கள். நல்ல கடிகாரம் தன்னைப் பார்க்கச் சொல்லாது, மணியைத்தான் பார்க்கச் சொல்லும் என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில், பெருமை தாங்காமல், ‘அக்காவிடம் சொல், இது பதினேழு கல் வைத்த கடிகாரம்’ என்று ஒரு வரி சேர்த்தீர்கள். அந்த வரியால் வந்ததுதான் எல்லாம்.

அம்மா கல் வாங்கும் விதம் தங்களுக்குத் தெரியும். எனக்கு ஏழு கல் தோடு எடுக்கக் கும்பகோணத்துக்குப் போனபோது, கடைக்காரர் விளக்கைப் போட்டதும் அதை அணைக்கச் சொன்னாள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லுகூட வைரமாகத் தெரியும் என்று, பொட்டலத்தை வாசலுக்குக் கொண்டுவந்து காலை வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு கல்லாக மூச்சை ஊதிப் பார்த்தாள். புள்ளி இருக்கிறதா, ரேகை ஓடுகிறதா, காக்கைக் கால் மாதிரி உள்ளே கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். அதெல்லாம் இல்லை என்று ஆன பிறகும் வாங்கவில்லை. கற்களை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். நல்லது நடந்தால் கல் பொருந்தியது என்று அர்த்தம், கெட்டது நடந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு குற்றமும் இல்லாத ஒரு பொட்டலம், அத்தைப் பாட்டிக்குப் பல்வலி வந்த ஒரே காரணத்தால் கும்பகோணம் திரும்பியது. அப்படிப்பட்டவளிடம் தாங்கள் பதினேழு கல் என்று எழுதினால் அவள் என்ன செய்வாள்? ஏழு கல்லுக்கே ஒரு வாரம், பதினேழு கல்லைச் சோதிக்காமல் மாப்பிள்ளை கையில் கட்டிவிடுவாளா?

முதலில் மருதையன் பத்தரை வரவழைத்தாள். அவர் பொன்வேலை செய்கிறவர், கடிகாரம் திறந்தவர் இல்லை. இருந்தாலும் அம்மா சொன்னபடி பின்மூடியை மெதுவாகத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பார்த்தார். “வைரம் இல்லீங்க, கெம்பு. அதுவும் கடுகு மாதிரி. ஒவ்வொண்ணுலயும் ஓட்டை போட்டிருக்கு” என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓட்டை போட்ட கல்லையா என் தம்பி அனுப்பினான் என்று கேட்டாள். அதிலும் கண்ணுக்குத் தெரிந்தது ஏழெட்டுத்தான். மீதியெல்லாம் அடியில் இருக்கும், சக்கரத்தின் அச்சு தேயாமல் சுற்றுவதற்காக அந்த ஓட்டைக்குள் உட்கார வைத்திருப்பார்கள், நான் நூலகத்தில் படித்திருக்கிறேன் என்று சொன்னேன். அம்மா என்னையும் பத்தரையும் மாறி மாறிப் பார்த்தாள். “தெரியாத இடத்துல கல்லு வைக்கிறவன் என்னடி நகைக்காரன்?” என்றாள். அன்று முழுவதும் அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் காட்டாமல், தேயாமல் இருப்பதற்காக மட்டும் கல் வைத்தவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை.

கெம்பு மாப்பிள்ளை ராசிக்கு ஆகுமென்று ஜோசியர் சொன்னதும் கடிகாரம் அம்மாவின் தலையணைக்கு அடியில் போயிற்று. பல்லி சொல்வதுபோல இரவெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, எந்தப் பக்கத்துப் பல்லி என்று பலன் பார்ப்பது என்று குறைப்பட்டாள். பசு கிடேரிக் கன்று போட்டது, அது நல்லது. அப்பா வரப்பில் வழுக்கி விழுந்தார், அது கெட்டது. விழுந்த இடத்தில் தீபாவளிக்குத் தொலைந்த சாவிக்கொத்து கிடைத்தது, ஆகவே அதையும் நல்லதிலேயே சேர்த்தாள். கணக்கு இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அறுவடை நின்றது.

அது நின்ற கதை இது. இப்போதெல்லாம் சூரியன் உதித்து மறையும்வரை வேலை என்ற பேச்சு இல்லை மாமா. விவசாயக் கூலியாட்கள் சங்கத்தோடு பேசிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, காலை எட்டுக்கு இறங்கினால் மாலை ஐந்துக்குக் கரையேற வேண்டும். அப்பாவின் நிலம் உச்சவரம்புக்குள் அடங்குகிற நிலம்தான், ஆனாலும் பேப்பரில் ‘நிலம்’ என்ற சொல்லைப் பார்த்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். கூலிக்கு ஒப்புக்கொண்டார், நேரத்துக்கும் ஒப்புக்கொண்டார். நேரத்தைச் சொல்லும் கடிகாரம் மட்டும் அவருடையதாக இருந்தது, இடுப்பில் செருகும் அந்தப் பழைய பாக்கெட் கடிகாரம். அறுவடைப் பெண்களுக்கு முன்நிற்கும் எல்லையம்மாள் கையில் அரிவாளோடு வரப்பில் ஏறி நின்று சொன்னார்:

“அய்யா, உங்க கடியாரம் காலையில குதிரை மாதிரி வருது. சாயங்காலம் ஆனா ஏர்மாடு மாதிரி நின்னுக்குது. அதையும் எங்க சங்கத்துல சேத்துவிடுங்க, நேரத்தோட வீட்டுக்குப் போவட்டும்.”

அப்பா கடிகாரத்துக்கு வயதாகிவிட்டது என்றார். வயதானால் இரண்டு வேளையும் அல்லவா நொண்ட வேண்டும் என்று எல்லையம்மாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அரிவாளைக் கட்டி வைத்துவிட்டுக் கரையேறிவிட்டார்கள். நெல் தலைசாய்ந்து நிற்கிறது, கிழக்கே மேகம் கூடுகிறது, மழை பிடித்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். அம்மா கடிகாரத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

அந்தச் சமயத்தில் பத்தர் வாய் சும்மா இருக்கவில்லை. அம்மா பெயரைச் சொல்லி, கமலாம்பாள் வீட்டில் கப்பல் கடிகாரம் வந்திருக்கிறது, உள்ளே கெம்பு பதித்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்படியானால் அதைக் கொண்டுவாருங்கள், அது இந்த ஊர்க் கடிகாரம் இல்லை, யார் பக்கமும் சேராது என்றார் எல்லையம்மாள். அம்மா ஒப்புவாளா? பலன் பார்த்து முடியவில்லை என்றாள். மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போனபோது அப்பா தலையணையைத் தூக்கினார்.

களத்தில் அடுத்த வில்லங்கம். தாங்கள் அனுப்பியது எண்களே போடாத கடிகாரம், சுற்றிலும் வெறும் கோடுகள். முள்ளைப் பார்த்து அப்பா ஒரு நேரம் சொன்னார், எல்லையம்மாள் வேறொரு நேரம் சொன்னார். அப்பா கையில் கட்டினால் அவர் முள்ளைத் திருகுவார் என்றார்கள், சங்கத்தார் கையில் கட்டினால் அவர்கள் திருகுவார்கள் என்றார் அப்பா. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, ஒருவரும் தொட முடியாத மாதிரி வைக்க வேண்டும் என்று முடிவாகி, எங்கள் வீட்டு ஊறுகாய்ச் சீசாவைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அதற்குச் சாவி கொடுக்க ஆள் வேண்டுமே என்ற பேச்சு வந்தது. “பாப்பாதான் எப்பவும் பொஸ்தவத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு நம்ம பக்கமும் தெரியாது, அய்யா பக்கமும் தெரியாது. அது சொல்லட்டும்” என்றார் எல்லையம்மாள். என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகவோ இவ்வளவு மோசமாகவோ சொன்னதில்லை.

ஆகவே ஒரு வாரமாக நான் களத்துமேட்டுப் புங்க மர நிழலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் சீசாவைத் திறந்து, தாங்கள் எழுதியபடி காதில் வைத்துக் கேட்டு, சாவி கொடுத்து மூடுகிறேன். எட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்துக்கும் எழுந்து நின்று சொல்கிறேன். நான் சொன்னால் இருபுறமும் நம்புகிறார்கள் மாமா. இந்த அனுபவம் எனக்குப் புதிது. அறுவடை நடக்கிறது, மேகமும் கலைந்துவிட்டது. அம்மா பலனைத் திருத்திவிட்டாள். கடிகாரம் தலையணைக்கு அடியில் இருந்தபோது வேலை நின்றது, வெளியே வந்ததும் நடந்தது, ஆகவே இந்தக் கல் வீட்டுக்கு ஆகாது, வெளிக்குத்தான் ஆகும் என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், அம்மா தொடையில் கிள்ளுகிறாள். பங்குனியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சாமிதுரை மாயவரத்தில் பொதுப்பணித் துறை ஓவர்சியர் என்பதும், அவருடைய தாயார் தனபாக்கியம் அம்மாள் பேராவூரணியில் இருப்பதும் தங்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் தம் ஊர்த் தென்னந்தோப்பு முழுவதும், என் மகனுக்குக் கப்பல் கடிகாரம் வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறார். தாம்பாளத்தில் கடிகாரம் இல்லையென்றால் தாம்பாளத்தையே எடுக்க மாட்டார் என்று தரகர் சொல்கிறார். எங்கள் கடிகாரமோ அறுத்த தாளைக் களத்தில் அடித்து முடியும்வரை பொதுவில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது. எடுத்தால் அரிவாளைக் கட்டிவிடுவார்கள், எடுக்காவிட்டால் சம்பந்தம் போய்விடும். அப்படியே வாங்கிக் கொடுத்தாலும் அது நார்த்தங்காய் மணக்கும். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் இந்த இடம் போய்விடக் கூடாது என்று இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று அவர், பேசிக்கொண்டிருந்த எல்லோரையும் விட்டுவிட்டு, எங்கள் அலமாரிப் புத்தகங்களின் பெயர்களைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த நாலு வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட மாட்டேன்.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது, அடுத்த கப்பலிலேயே இன்னொரு கடிகாரம் அனுப்பவும். இது அம்மாவின் வாய்மொழி: எண் போட்டதாக இருக்கட்டும், தங்க உறையாக இருக்கட்டும், தூரத்திலிருந்தே மின்னட்டும், கல்லையெல்லாம் வெளியில் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லவும், ஓட்டை போட்ட கல் வேண்டாம். அதுவும் சீக்கிரம் வர வேண்டும், ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா.

அத்தைக்கு என் நமஸ்காரம். அப்பா தங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார், தலையணையைத் தூக்கியதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அம்மாவின் ஆசீர்வாதம் தங்களுக்கு என்றும் உண்டு, கடிகாரம் வந்தால் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஆனந்தவல்லி

பின்குறிப்பு: மாமா, இரண்டாவது கடிகாரம் அனுப்ப வேண்டாம். மேலே உள்ளதில் படிக்கக்கூடியதை மட்டும் நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் (எல்லையம்மாள் ‘சொன்னார்’ என்று எழுதியதையெல்லாம் ‘சொன்னா’ என்று படித்தேன்). இதை இன்று களத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், இதை யாருக்கும் படித்துக் காட்டப் போவதில்லை.

மேட்டூர் அணையை அடைத்துவிட்டதால் மதகுகளைப் பார்க்க ஓவர்சியர்கள் வருகிறார்கள். காலையில் எங்கள் வாய்க்கால் மதகைப் பார்க்க சைக்கிளில் வந்தவர் அவர்தான். களத்துப் பக்கம் ஏறிவந்து, என்ன புத்தகம் என்று பார்த்தார், அப்புறம் மணி கேட்டார். சொன்னேன். சீசாவைப் பார்த்துவிட்டு இது யாருடையது என்று கேட்டார். “உங்களுடையது” என்றேன்.

அவர் சீசாவைத் தொடப்போனதும் எல்லையம்மாள் வயலிலிருந்தே குரல் கொடுத்தார். இவர்தான் மாப்பிள்ளை என்று சொன்னேன். “மாப்பிள்ளையா? அப்ப நீங்க அய்யா பக்கத்து ஆளு. தள்ளி நில்லுங்க” என்றார். அவர் உண்மையிலேயே தள்ளி நின்றார். அனுமதி கேட்டு வாங்கி, நான் எடுத்துக் கொடுத்ததும், முதலில் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தாங்கள் அவருக்கும் கடிதம் எழுதினீர்களா மாமா? பிறகு வாரை மோந்து பார்த்து, நார்த்தங்காயா என்றார்.

“நான் தண்ணியிலயும் சேத்துலயும் கைய விடுறவன். இத நான் கட்டினா ஒரு போகம் தாங்காது. நீங்களே கட்டிக்குங்க. மணி வேணும்னா நான் கேட்டுக்கறேன்” என்றார். உங்கள் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். கப்பல் கடிகாரம் வந்துவிட்டது, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குக் கூடவே வரும் என்று சொல்லிவிடுகிறேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். தாம்பாளத்தை எடுத்துக்கொள்ள வைப்பது தன் பொறுப்பு என்றும் சொன்னார். எல்லையம்மாளும் பாப்பா கையில் இருந்தால் பொதுவில் இருக்கிற மாதிரிதான் என்று சம்மதித்தார். வார் எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் பையிலிருந்து கவராயத்தை எடுத்து அதன் கூர்முனையால் ஒரு துளை போட்டுக் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கல் பொருந்திவிட்டது மாமா. யார் கைக்கு என்று பார்க்கத்தான் அம்மா மறந்துவிட்டாள்.

எல்லையம்மாள் மணி கேட்கிறார். இன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் முன்னதாகவே ஐந்து என்று சொல்லிவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது. காதில் வைத்துக் கேட்டேன். அது ஒப்புக்கொள்ளவில்லை.