புரூஃப் அண்ணாச்சி ஓகே சொல்லாத மாப்பிள்ளை

சிவகாசியில் எங்கள் அச்சகத்திலிருந்து எந்தக் கடவுளும் புரூஃப் அண்ணாச்சியின் சம்மதம் இல்லாமல் வெளியே போனதில்லை. காலண்டர் முருகனின் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். "மெஜந்தா தூக்கலா இருக்கு. சாமிக்குக் காய்ச்சல் மாதிரி தெரியுதுலே, குறை" என்பார். முருகனுக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் மெஷின் ஓடும்.

அவர் ஆப்செட் மெஷின்மேன். நான் அங்கே டிசைன் பிரிவில் இருந்தேன். அவருக்கு ஒரே சட்டம்தான். புரூஃப் என்கிற முதல் தாளை ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் காட்ட வேண்டும். பார்ட்டி அதில் ஓகே என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மெஷின்மேனுக்கு வாய் கிடையாது. எல்லா அச்சகத்திலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் அதை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அண்ணாச்சி சலூனில் மீசையின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டச் சொல்வார். கண்ணாடியில் பார்த்து ஓகே சொன்ன பிறகே மறுபக்கம். ஒருமுறை முடிவெடுக்க முடியாமல், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அரை மீசையோடு ஷிஃப்டுக்கு வந்துவிட்டார். பட்டாசு லேபிள் அடிக்க வந்த ஏழாயிரம்பண்ணைப் பார்ட்டி, அவரை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பந்தியில் அவருடைய இலையின் ஓரம் ஒரு விரல்கடை காலியாக இருக்க வேண்டும். தாளை மெஷின் கவ்விப் பிடிக்கும் ஓரத்தில் அச்சு விழாது. அந்த ஓரத்துக்குக் கிரிப்பர் என்று பெயர். கூட்டு வைக்க வந்தவரிடம், "அங்கன வைக்காதீக, கிரிப்பர்ல விழுது" என்றார்.

"இலையை எந்த மெஷின்ல விடப்போறீக அண்ணாச்சி?" என்று கேட்ட அந்த மனிதர், பிறகு எங்கள் வரிசைப் பக்கமே வரவில்லை.

இப்படிப்பட்டவரின் மகள் செல்வியைப் பெண் பார்க்கத் தாயில்பட்டியிலிருந்து வந்தார்கள். செல்வியும் பையனும் போனில் பேசி, இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. "கெடுத்துறாதீகப்பா" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அண்ணாச்சி கூப்பிட்டு நானும் போயிருந்தேன்; அவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துவிடும் பொறுப்பைச் செல்வி என்னிடம் கொடுத்திருந்தாள். எடுத்துவிட்டேன். அவர் இன்னொன்று வைத்திருந்தார்.

கேசரி வந்த நேரத்தில் அண்ணாச்சி எழுந்தார். வாட்ஸ்அப்பில் வந்த மாப்பிள்ளையின் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை மாப்பிள்ளையின் முகத்தருகே பிடித்து, லென்ஸோடு குனிந்தார். மாப்பிள்ளை கேசரியை விழுங்காமல் அப்படியே இருந்தார்.

"காட்டுன புரூஃப் வேற, வந்து இறங்குன லோடு வேற" என்றார் அண்ணாச்சி. "படத்துல மஞ்சளை ஏத்தியிருக்காக. இங்கன கருப்பு எம்புட்டு இருக்கு பாருங்க!"

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "பட்டாசு கம்பெனி போர்மேன் வெயில்ல நின்னா கறுக்காம என்ன செய்வான்? எங்க புள்ளய காலண்டருன்னு நெனச்சீகளா? எந்திரிலே, போவோம்."

மாப்பிள்ளை எழவில்லை. வாய் நிறையக் கேசரி.

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அப்பா, இந்த ஆர்டருக்குப் பார்ட்டி யாரு?"

அண்ணாச்சி விழித்தார். "நீதான்."

"அப்ப கையெழுத்து நான்தான போடணும்?" படத்தை வாங்கக் கை நீட்டினாள்.

"அதுல போடாதம்மா" என்று பதறினார். "அதுல கலர் தப்பு."

"சரி. சரியான கலர்லயே போடுதேன்" என்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவர் கையை நீட்டினார். மணிக்கட்டில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பார்ட்டி கையெழுத்துப் போட்டாயிற்று; அண்ணாச்சி லென்ஸைச் சட்டைப் பையில் போட்டார். கை கழுவக் கிளம்பிய மாப்பிள்ளையை, "இருலே, அழிஞ்சிரும்" என்று அவர் அப்பாவே பிடித்து உட்கார வைத்தார்.

கல்யாணப் பத்திரிகையை அண்ணாச்சியே அடித்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிய வேண்டிய சின்ன வேலை. ஆனால் மெஷினை நிறுத்துவதும், ஒரு தாளை எடுத்துப் பார்ப்பதும், மறுபடி ஓட்டுவதுமாக இருந்தார். லென்ஸை எடுக்கவே இல்லை.

"என்ன அண்ணாச்சி, கலர் மாறுதா?" என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான்யா விழுது." தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடிச்சுட்டா அவ கெளம்பிருவாள்லா."

இன்னும் என்ன ஓடுகிறது என்று முதலாளி அறையிலிருந்து சத்தம் போட்டார். கலர் சரியாக வரவில்லை, நேரமாகும் என்று நான் சொன்னேன்.