திப்பிக்கு வந்த பூவன் வாசனை

பரமத்தி வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மதுமதி அத்தைக்கு, தனப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கு நானும் மாடும் நலம். மற்றவர்கள் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நடந்ததை நடந்தபடியே, உண்மையைத் தவிர வேறெதுவும் கலக்காமல் எழுதப்போகிறேன்.

கோவை ஆய்வகத்திலிருந்து நீங்கள் கொடுத்துவிட்ட பூஞ்சையை, மாட்டுக்கு வாங்கிய திப்பியில், அதாவது மரவள்ளியில் மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கையில், அது வெந்து ஆறியதும் கலந்து, கண்ணாடி ஜாடியின் வாயைப் பஞ்சால் அடைத்து, சோபாவுக்கு அடியில் வைத்தேன். நான்கு நாளில் பழவாசனை வரும், அதுவரை திறக்காதே என்றீர்கள். மூன்றாம் நாளான இன்று அபிநயா அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நந்தகுமாரை அக்காவுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டதால் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா முத்தாயம்மாள் மட்டும் மூச்சை நன்றாக இழுத்தார்.

"ஏனுங்க, பூவம்பழ வாசம் ஆளைத் தூக்குது, தட்டத்துல ஒரு பழத்தைக் காணமுங்களே?"

"ஊட்டுல பழமே இல்லீங்க" என்றார் அம்மா.

"வேலூர்ல வாழப்பழமில்லாத ஊடா! பழத்தையே ஒளிச்சு வெக்கற ஊட்டுல நாங்க கை நனைக்க மாட்டமுங்க" என்று அவர் எழுந்தேவிட்டார்.

அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஜாடியை இழுத்து நடுக்கூடத்தில் வைத்து, பூஞ்சை திப்பியைத் தின்று பழவாசனை விடும் விதத்தை நோட்டில் படம் வரைந்தே விளக்கினேன். பூசணம் பூத்த திப்பியைக் கண்டு அப்பா தலையில் கைவைத்தார். மாப்பிள்ளையின் அப்பா காளியண்ணனோ துள்ளி எழுந்தார். ஓமலூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார். அங்கே குவிந்து கிடக்கும் திப்பி நாற்றத்துக்கு ஊரே அவரைத் திட்டுகிறதாம்.

"அட சாமி, இந்தச் சனியனா இப்படி மணக்குது? இந்த ஊட்டுல பொண்ணெடுக்காம வேற எங்கீங்க எடுக்கறது! காலைல ஒரு லாரி திப்பி வந்துரும், மணக்க வெச்சுக் குடு!"

முத்தாயம்மாளும் உட்கார்ந்து கை நனைத்தார். நான்கு போண்டா.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் நுண்ணோக்கிக்கு என் தனி வணக்கம்.

பி.கு.: இப்போதுதான் பஞ்சை எடுத்து முகர்ந்தேன். வெறும் மாட்டுத்தீவன வாசனை. பூவன் வாசனை பீரோவுக்குப் பின்னாலிருந்து வருகிறது. தோல் கறுத்துவிட்டதென்று வெட்கப்பட்டு அம்மா ஒளித்துவைத்த ஒரு சீப்புப் பழம்! லாரி கிளம்பிவிட்டதாம். அத்தை, ஒரு லாரி திப்பி ஒரே நாளில் மணக்க என்ன சேர்க்க வேண்டும்? முத்தாயம்மாளுக்கும் உண்மையை எழுதிவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். அக்கா விளக்கை அணைத்துவிட்டாள்.