நூற்று அறுபத்திரண்டு பயணிகள்

விமானம் ஓடுபாதையைத் தொட்டு நின்றதும் நூற்று அறுபத்திரண்டு பயணிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றார் லிப்ட்காரர்.

விமானம் இருந்தது கம்ப்யூட்டருக்குள். அதில் பயணிகளே கிடையாது. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் நூற்று அறுபத்திரண்டு இருக்கைகளை வரைந்துவிட்டு, உட்கார ஆட்களை வரையச் சோம்பல்பட்டிருந்தார்கள்.

"தட்டினாங்களா?" என்றாள் மனைவி, சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்துக்கொண்டே.

"தட்டினாங்க."

"கை?"

"பின்னே, கதவையா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி உட்கார்ந்திருந்தார். கன்னத்தோடு ஒரு கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். தொண்டை கட்டிவிட்டது, பேச முடியவில்லை என்று வந்ததும் சைகையிலேயே சொல்லியாகிவிட்டது. வாசற்படி அருகே அவருடைய பதினான்கு அட்டைப்பெட்டிகள் அறைக்குள் போகத் தயாராக அடுக்கப்பட்டிருந்தன. அந்த அறைதான் விவகாரமே.

லிப்ட்காரர் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் லிப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் மேலே ஏறிய தூரத்தைக் கூட்டினால் நிலாவைத் தாண்டிப் போயிருப்பேன் என்பது அவர் கணக்கு. இறங்கியதைக் கழித்தால் தரைத்தளத்திலேயேதான் நிற்கிறார் என்பது மைத்துனரின் கணக்கு. மைத்துனர் இன்ஷூரன்ஸில் நஷ்டத்தை மதிப்பிடும் ஆள். யாராவது பத்து சேலை எரிந்தது என்றால் சாம்பலை நிறுத்துப் பார்த்து நாலு என்று எழுதுகிறவர்.

ஓய்வு பெற்ற மறுநாளே லிப்ட்காரர் விமானம் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். சின்ன அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கையில் பிடிக்க ஒரு கம்பி, காலில் மிதிக்க இரண்டு மிதிகள். வீட்டில் எல்லாரும் அதை விமானி அறை என்றார்கள். மனைவி மட்டும் குப்பை ரூம் என்றாள். பன்னிரண்டு வருஷம் பறந்த அந்தக் கம்ப்யூட்டர், போன மாதம் மாவு மில் மாதிரி இரைந்து, மூன்று தடவை புகைவிட்டு, நாலாவது தடவை புகைவிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக்கொண்டது. மகள் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினாள்.

அதே வாரம் மைத்துனர் வீட்டில் கரையான் புகுந்தது. அவருடைய கோப்புகளுக்கு இடம் வேண்டியிருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உங்க பிளேன் புதுசுல ஒழுங்கா ஏறி ஒழுங்கா இறங்கணும்," என்றாள் மனைவி. "இல்லேன்னா மேஜையும் மிதியும் பழைய சாமான் கடைக்கு. ரூம் தம்பிக்கு."

"இறக்கிக் காட்டறேன்."

"இறங்கிச்சுன்னு நீங்க சொன்னா செல்லாது. வேற ஒருத்தர் கண்ணால பார்த்துச் சொல்லணும்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. லிப்டில் அவர் பிரசவம் பார்த்த கதை ஒரு குழந்தையில் ஆரம்பித்தது. போன வருஷம் அது மூன்றாகியிருந்தது.

முதல் தடங்கல் வாசலிலேயே வந்தது. விளையாட்டு இருந்தது ஐந்து சிடிகளில். புதுக் கம்ப்யூட்டரை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். சிடி போட வாயே இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டார்.

"அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார். எடுத்துட்டு வாங்க, பென் டிரைவ்ல ஏத்தித் தர்றேன். ஆனா ஒண்ணு, இது புது சிஸ்டம். பழசு இதுல ஓடும்னு என்னால சொல்ல முடியாது."

"நானும் பழசுதான். ஓடலையா?"

ஏற்றியதும் புது சிஸ்டம் ஒரு பெட்டியைத் திறந்து, முன்பின் தெரியாத இந்த மென்பொருளை நம்புகிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றார். நிச்சயமாகவா என்றது. ஆம் என்றார். நான்காவது தடவையும் கேட்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"கல்யாணத்தப்போகூட என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இது நாலு தடவை கேக்குது!"

"என்னையும்தான் கேக்கலை," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஓடியது. ஆனால் தபால்தலை அளவில், திரையின் ஒரு மூலையில் ஓடியது. அதற்குள் ஓடுபாதை ஒரு மயிரிழை. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் பெரிதாகும் என்று எங்கோ படித்த ஞாபகம். எந்த மூன்று என்பதுதான் நினைவில்லை. கைக்கு வந்த மூன்றையெல்லாம் அழுத்திக்கொண்டே போனார். நாற்பதாவது முயற்சியில் படம் திரை முழுக்க விரிந்தது. கூடவே தலைகீழாகவும் திரும்பிக்கொண்டது. வானம் கீழே, பூமி மேலே.

வேறொருவராக இருந்தால் மறுபடி பொத்தான்களைத் தேடியிருப்பார். லிப்ட்காரர் அனுபவசாலி. பெரிதான படத்தைத் தொட்டால் மறுபடி சிறுத்துவிடும். எனவே படத்தை விட்டுவிட்டு மானிட்டரைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி, இரண்டு தலையணைகளுக்கு நடுவே செருகி, ஜன்னல் கம்பியோடு கொடிக்கயிற்றால் கட்டினார். வானம் மேலே போனது. பூமி கீழே வந்தது. மானிட்டரின் கால் மட்டும் கவிழ்த்துப் போட்ட ஆமையின் கால் மாதிரி ஆகாயத்தில் நின்றது.

அடுத்தது கம்பியும் மிதிகளும். அவற்றின் பழைய முனை புதுத் துளையில் நுழையவில்லை. கடைக்காரர் நடுவில் மாட்ட ஒரு துண்டு கொடுத்தார். நுழைந்தது. ஆனால் எல்லாம் கட்சி மாறியிருந்தது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் உள்ளே போயிற்று. கம்பியை இடப்பக்கம் சாய்த்தால் எஞ்சின் அணைந்தது. வலப்பக்க மிதி எதற்கு என்று அப்போது தெரியவில்லை. அதை மிதித்த போதெல்லாம் எங்கோ ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, எதைத் தொட்டால் எது ஆடும் என்று துண்டுச்சீட்டுகளில் எழுதி ஒட்டினார். 'இது பிரேக் இல்லை.' 'இதைத் தொடாதே.' 'இதைத் தொட்டால் உடனே கீழே உள்ளதையும் தொடு.'

சனிக்கிழமை நாலரை மணிக்கு எல்லாம் தயார். அப்போதுதான் கவனித்தார், சத்தம் இல்லை. எஞ்சின் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. சத்தம் இல்லாத விமானம் ஓட்டுவது காது கேளாத மாட்டோடு வண்டி ஓட்டுவது மாதிரி. மறுபடி கடைக்காரர்.

"சிஸ்டம் கூட வயரில்லாம எந்தெந்த ஸ்பீக்கர், டிவி சேரும்னு ஒரு லிஸ்ட் காட்டும் சார். அதுல உங்களோடதைத் தொடுங்க."

லிஸ்ட் வந்தது. பதினைந்து பெயர்கள். எல்லாம் எண்ணும் எழுத்துமாக லாரி நம்பர் போல இருந்தன.

"இதுல எது என்னோடது?"

"அது எனக்கெப்படி சார் தெரியும்?"

இருப்பதிலேயே நீளமான பெயர்தான் விலை உயர்ந்ததாக இருக்கும் என்று முடிவு செய்து அதைத் தொட்டார். இணைக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. படம் அப்படியே இருந்தது. சத்தம் மட்டும் அப்போதும் வரவில்லை. ஒலியை நூறுக்கு ஏற்றினார். அதற்கும் மௌனம்.

ஐந்து மணிக்கு மனைவி சாட்சி பார்க்க வந்து நின்றாள்.

"இது ஏன் தலைகீழா நிக்குது?"

"புது மாடல்."

"தம்பியைக் காணோமே, நாலு மணிக்கே பெட்டியோட வர்றேன்னானே," என்று போன் போட்டாள். ஆபீஸில் முக்கியமான மீட்டிங், பெட்டிகளை லாரியில் அனுப்பிவிட்டேன், நான் ஆறரைக்கு வருகிறேன் என்று மைத்துனர் குசுகுசுத்துவிட்டு வைத்துவிட்டார். இங்கே திரையில் மறுபடி அனுமதிப் பெட்டி. இந்த மென்பொருளை இன்னமும் நம்புகிறீர்களா? மனைவி பத்து நிமிஷம் நின்று பார்த்தாள்.

"ஏறும்போது கூப்பிடுங்க. மாடியில துணி கிடக்கு."

அவள் போன மறுநிமிஷம் விமானம் ஏறிவிட்டது. அதுவாகவே ஏறிவிட்டது; வலப்பக்க மிதியில் அவர் செருப்பு மாட்டியிருந்தது. "ஏம்மா! ஏறிடுச்சு!" என்று கத்தினார். மாடிக்குக் கேட்கவில்லை. சரி, பயணிகளுக்காவது சொல்வோம் என்று மைக்கை முன்னால் இழுத்துக்கொண்டார். பயணிகளோடு பேசாமல் அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. லிப்டிலும் அப்படித்தான்.

"பயணிகளே, கேப்டன் பேசறேன். உங்க சத்தம் எதுவும் எனக்குக் கேக்கலை. அதனால யாரும் கத்திப் பிரயோஜனம் இல்லை."

முப்பதாயிரம் அடியில் மேகம். கம்பி நடுங்கியது.

"கொஞ்சம் ஆடும். வலிக்காது. எனக்கு முப்பத்தாறு வருஷ அனுபவம். யாரும் எழுந்து ஓட வேண்டாம், கதவைச் சாத்தியாச்சு."

இறங்க ஆரம்பித்தார்.

"இப்ப காது அடைக்கும். வாயை நல்லா ஆன்னு திறந்து வெச்சுக்குங்க. நான் சொல்றவரைக்கும் மூடக் கூடாது."

ஓடுபாதை விரிந்து வந்தது. சக்கரத்தை இறக்க பிரேக்கை மிதித்தார், பிரேக்குக்குக் கம்பியைத் தள்ளினார், கம்பி இடப்பக்கம் சாய்ந்து எஞ்சின் அணைந்தது. 'இதைத் தொடாதே' என்ற சீட்டு பறந்துவந்து மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று அவருக்கே தெரியாத நிலையில் விமானம் மூன்று தடவை குதித்து, ஒரு தடவை யோசித்து, கோட்டின் மேலேயே நின்றது.

"தரைத்தளம்," என்றார் பழக்கதோஷத்தில். "பார்த்து இறங்குங்க."

அப்போதுதான் அது கேட்டது. காலுக்கடியில், விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து வருவது போல. சடசடவென்று கைதட்டல். நடுவே ஒரு விசில்கூட. லிப்ட்காரர் எழுந்து நின்று மானிட்டருக்குத் தலை வணங்கினார்.

நிமிர்ந்தபோது திரை நீலமாகியிருந்தது. சிஸ்டம் புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம், நான்கு சதவீதம் என்றது. விமானம், ஓடுபாதை, இறங்கியதற்கான அடையாளம், ஒன்றும் மிச்சமில்லை.

மனைவி அரைகுறையாகக் காய்ந்த துணிகளோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மழை சத்தம் கேட்டுச்சே? இங்கே பெய்யுதா?"

"மழை இல்லை. கைதட்டல்."

அவள் அவரைப் பார்த்தாள். நீலத்திரையைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். துணியை மடிக்கப் போனாள்.

அதனால்தான் இப்போது சாப்பாட்டு மேஜையில் இந்த விசாரணை.

"சரி, தட்டினாங்க. பார்த்தது யாரு?" என்றாள் மனைவி.

"நூத்தி அறுபத்திரெண்டு பேர்!"

"அவங்கள்ல ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க."

மைத்துனர் கைக்குட்டைக்குப் பின்னால் லேசாக முனகினார். சோற்றைத் தொடவில்லை, மோரை மட்டும் வாயின் ஒரு ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரூமைத் தொறந்து பெட்டியை உள்ள வெச்சுக்கடா," என்றாள் அக்கா. குரலில் சந்தோஷம் இல்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

லிப்ட்காரர் நிலைமை கைமீறிப் போவதைப் பார்த்தார். கைமீறும்போதெல்லாம் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்தார்.

"நூத்தி அறுபத்திரெண்டுன்னு நான் அடக்கித்தான் சொன்னேன். நிக்கிற ஆளுங்களையும் சேர்த்தா இருநூறு. பக்கத்துல நின்ன பிளேன்லேருந்தும் தட்டினாங்க. முந்நூறுன்னே வெச்சுக்கயேன். பாதிப் பேர் அழுதுட்டாங்க. ஒரு அம்மா எனக்கு முத்தம்..."

மைத்துனரின் கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் சொல்லும் எண்ணிக்கையைக் குறைத்தே பழகிய உடம்பு.

"முந்நூறாம்!" என்று வெடித்தார். வார்த்தை பாதி வாயில் கொழகொழத்து வந்தது. "அங்கே இருக்கற நாற்காலியே பன்னெண்டுதான் மாமா!"



"எங்கே?" என்றாள் அக்கா.

மைத்துனர் கைக்குட்டையை மெல்ல இறக்கினார். இடது கன்னம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது.

"கீழே. உங்க வீட்டுக்கு அடியில இருக்கற பல் டாக்டர் ரூம்ல."

"உனக்கு மீட்டிங் இல்ல?"

"டாக்டரோடதான் மீட்டிங். உன்கிட்ட சொன்னா சிரிப்பேன்னு..." விழுங்கினார். "காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். செவுத்து டிவியில மீன் நீந்திக்கிட்டிருந்துச்சு. திடீர்னு மீன் போயி பிளேன் வந்துருச்சு. தலைகீழாப் பறக்குது. கேப்டன் பேசறார், நீங்க கத்தினாலும் கேக்காது, கதவு சாத்தியாச்சு, வலிக்காது, வாயைத் திறந்து வையுங்கன்னு. எல்லாரும் திறந்து வெச்சுக்கிட்டோம். பயத்தைப் போக்க டாக்டர்தான் இப்படிப் புதுசா ஏதோ பண்றார்னு நெனச்சோம். தலைகீழாவே வந்து, தலைகீழாவே இறங்குச்சுக்கா."

லிப்ட்காரர் வாயைத் திறந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் மனைவி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "எழுந்து நின்னு கை தட்டினாங்களா, இல்லையா?"

மைத்துனர் வாசலில் இருந்த தன் பதினான்கு பெட்டிகளையும் ஒருமுறை பார்த்தார்.

"பதினோரு பேர், அக்கா," என்றார். "என்னையும் சேர்த்து."